டர்போவா, பிரேக்கா?



போன விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு. வாப்பா காலத்து டீசல் ஜீப்புக்கு நாங்களே டர்போ பூட்டுவதா, இல்லையா? அமெரிக்காவில் ஒருவர் தன் மஸ்டாங் காருக்கு வீட்டிலேயே சூப்பர்சார்ஜர் பூட்டும் வீடியோவைத் தம்பி பார்த்துவிட்டான். "ரெண்டு நாள் வேலைதான் நானா" என்றான்.

ஆசையில் பிழையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திரும்பத் திறந்தபோது விலை எங்களுக்கு எட்டவில்லை. இருக்கிற ஜீப்தான் கதி. ஆட்களை ஏற்றிக்கொண்டு பலாங்கொடைப் பக்கம் ஏறினால், பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவார்.

முதலில் விஷயத்தைப் படித்தோம். இரண்டுமே எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புபவை. சூப்பர்சார்ஜரை எஞ்சினே பெல்ட்டால் சுற்றும். டர்போவைப் புகை சுற்றும். டீசல் எஞ்சினுக்குக் காற்று மட்டும் கூடிப் பயனில்லை, பம்ப்பிலும் எண்ணெயைக் கூட்ட வேண்டும். அது அளவு தப்பினால் கறுப்புப் புகை வரும், சூடு ஏறும், பிஸ்டன் உருகவும் கூடும். புகைச் சோதனையில் தவறினால் வருமான அனுமதிப் பத்திரமும் இல்லை. டர்போவோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதற்குப் போகும் ஒயில் குழாய் ஒன்று கசிந்தாலே போதும், எல்லாம் முடிந்தது.

பஞ்சிகாவத்தையில் பாவித்த டர்போ தேடலாம். ஆனால் அதன் தண்டு எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கும் கண் எங்களுக்கு இல்லை.

அப்போதுதான் உம்மா பழைய கதையை எடுத்தார். ஒருமுறை ஹெட் கேஸ்கட்டை நாங்களே மாற்றினோம். போல்ட்டுகளை டோர்க் ரெஞ்ச் இல்லாமல் கை மதிப்பில் இறுக்கினோம். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நடுச்சாமம், மூச்சுத் திணறிய உம்மாவை இரத்தினபுரிக்குக் கொண்டுபோகும்போது, பெல்மதுளை தாண்டியதும் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டது. ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்று எங்களோடு இருக்கிறார். அன்று மிச்சம் பிடித்த கூலியை நினைத்தால் இப்போதும் வெட்கம்தான்.

இன்னொரு கணக்கும் போட்டோம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் ஜீப் 60இல் போனால், அதை நிறுத்த பிரேக்குக்கு 2.25 மடங்கு வேலை. ஏறின மலையை இறங்கவும் வேண்டும். எங்கள் பிரேக் இருந்த நிலையோ, சொல்லாமல் விடுவது நல்லது.

கடைசியில் முடிவு இதுதான்: எயார் ஃபில்டர், ஒயில், ஹோஸ் எல்லாம் நாங்களே மாற்றினோம். பிரேக்கைத் தெரிந்த பாஸ் ஒருவரிடம் கொடுத்தோம். பம்ப்பும் இன்ஜெக்டரும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்துக்குப் போயின. டர்போவுக்குச் சேர்த்த காசு அதிலேயே முடிந்தது. ஜீப் முன்னைவிட நன்றாக ஏறுகிறது. நம்பி இறங்கவும் முடிகிறது.

தம்பிக்கு இன்னும் ஆசை போகவில்லை. போகவும் வேண்டாம், பாஸிடம் நின்று பழகட்டும். பிழைத்தால் எங்கள் காசு மட்டும் போகும் வேலையென்றால் நாங்களே செய்து பார்க்கலாம். ஜீப்பில் ஏறுகிற மற்றவர்களின் உயிர் எங்கள் கையில் ஓர் அமானிதம்.

இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுப் படிக்கிறோம்.