நிழலில் வைத்த குரோட்டன்ஸ்

பரமத்தி வேலூரில் இலையென்றால் வெற்றிலைதான். 100 வெற்றிலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. இப்படி இலையை எண்ணி விலை பேசும் ஊரிலே, கண்ணுக்கு அழகு என்ற ஒரே காரணத்துக்காக நாம் ஒரு குரோட்டன்ஸ் செடி வாங்கினோம். மஞ்சளும் சிவப்பும் வாரித் தெளித்தாற்போன்ற இலைகள். இந்தோனேஷியத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட விருந்தாளி வாடலாகாதென்று, கூடத்து மூலையில் வைத்து உபசரித்தோம். நாளடைவில் புதிதாய்த் துளிர்த்ததெல்லாம் வெறும் பச்சை!

"கத்தரிச் செடியானால் குழம்புக்காவது ஆகும்" என்றாள் வீட்டு எஜமானி. நமக்குச் சுருக்கென்றது.

கொடிக்காலில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். "வெத்தலைக்குத்தானுங்க அகத்தி நெழலு. இதுக்கு வெயிலு வேணுமுங்க" என்றார்.

உண்மைதான். இலையின் பச்சையே செடிக்குச் சோறு சமைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் செடி தன் அலங்காரத்தைத் துறந்து, பச்சையைப் பெருக்கி உயிரைக் காத்துக்கொள்கிறது. நாம் அன்பு என்று எண்ணியது அதற்குப் பஞ்சமாக இருந்திருக்கிறது!

தொட்டியைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கித் திண்ணையோரம் வைத்தோம். சென்ற வாரம் விரிந்த இலையில் ஒரு மஞ்சள் கோடு. முதலில் கண்டு நம்மைக் கூப்பிட்டுக் காட்டியவர் யார் தெரியுமா? எஜமானியம்மாள்தான். கத்தரிச் செடியைப் பற்றிப் பேச்சே இல்லை.