குடோன் சாவியை எடுத்து வை

திருப்பூர்

அன்பு பத்மா அம்மிணிக்கு,

நீ ஈரோட்டுல டவல் குடோன் பிடிச்ச சேதி உன் நாத்தனார் வாயால வந்துதான் எனக்குத் தெரியணுமா? அந்தச் சண்டையை நேர்ல வச்சுக்கலாம். இன்சூரன்ஸை உன் கொழுந்தனாரோட மச்சான்கிட்ட கொடுக்கப் போறியாமே? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படி.

எங்க பனியன் கம்பெனிக்கும் முதல்ல மாமா முறை ஆகற ஒருத்தர்தான் ஏஜெண்ட். வருஷம் பிறந்தா காலண்டர், தீபாவளிக்கு ஸ்வீட் டப்பா, வந்து உட்கார்ந்தா ரெண்டு மணி நேரம் ஊர்க்கதை. குடோனுக்குள்ள மட்டும் ஒரு நாளும் கால் வச்சதில்ல. பிரீமியம் கம்மியாத் தெரியணும்னு 40 லட்சம் சரக்கை 20 லட்சம்னு எழுதிட்டார். எனக்கும் அப்ப வாயெல்லாம் பல்லுதான், பொய் சொல்வானேன். ஐப்பசி மழையில தண்ணி புகுந்து 6 லட்சத்துக்குத் துணி பாழாச்சு. இருபதுக்குள்ளதானே, முழுசா வந்துடும்னு இருந்தேன். சர்வேயர் வந்து, ‘பாதி மதிப்புக்குத்தானே போட்டிருக்கீங்க, சேதத்துலயும் பாதிதான்’னுட்டார். 3 லட்சம், அதுலயும் பிடித்தம். ஆவரேஜ்னு பேராம். மாமா போனே எடுக்கல. அப்புறம் ஒரு கல்யாணத்துல என்னைப் பார்த்ததும் பந்தியில பாதியில எந்திரிச்சுப் போனார் பாரு, பாயசம்கூடக் குடிக்கல!

அடுத்து வந்தவர் கமிஷன்ல பாதியை நமக்கே தர்றேன்னார். ஆடிட்டரைக் கேட்டேன். 1938 இன்சூரன்ஸ் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி கொடுக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பாம். வாசலோட அனுப்பிட்டேன்.

இப்ப இருக்கறது ஒரு அம்மா. சிரிப்பே வராது, காபிகூட வேண்டாம்னுடுவாங்க. நேரா குடோனுக்குள்ள போய் மெயின் போர்டைப் பார்த்தாங்க, ஸ்டாக் புக்கைப் புரட்டினாங்க. ‘பாதித் துணி சாயப்பட்டறையிலயும் பிரிண்டிங்லயும் கிடக்குமே, அந்த விலாசமெல்லாம் பாலிசியில எங்க?’ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எழுதின இடத்துல இருக்கற சரக்குக்குத்தான் காப்பாம். இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல, அம்மிணி! ஒரே இடத்துல 5 கோடிக்குள்ள சொத்து இருக்கற சின்னத் தொழிலுக்குன்னு 2021ல வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியும் அவங்க சொல்லித்தான் தெரியும். அதுல மதிப்பு 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்தாக் கண்டுக்க மாட்டாங்களாம்.

உன் டவலும் சாயத்துக்கு வெளிய போறதுதானே? செவ்வாய்க்கிழமை நீ கனி மார்க்கெட்டுல இருப்பே, அதனால புதன்கிழமை அந்த அம்மாவை உன் குடோனுக்கு வரச் சொல்லியிருக்கேன். ஸ்டாக் புக், குடோன் சாவி ரெண்டையும் எடுத்து வை. காபி போட்டுக்கிட்டு நிக்காதே.

உன்
கலா