காற்றடிக்கும் ஆர்க்னி தீவில் 100 மீட்டர் என்பது எவ்வளவு தூரம்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிறது ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகம். அங்கே கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ரோம்னஸ் வந்துவிடும். கல் பாவிய நீண்ட தெரு, சாம்பல் நிறக் கல்வீடுகள், வீடுகளுக்கு நடுவே மேட்டை நோக்கி ஏறும் குறுகலான சந்துகள். இதுதான் ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வாசல். தீவுகள் சுமார் 70. ஆனால், மக்கள் வசிப்பது 20 தீவுகளில்தான். மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 22,000.

சுற்றுலாப் பயணிகள் இங்கே வருவது 5,000 ஆண்டுப் பழமையான ஸ்காரா ப்ரே கற்கால ஊரைப் பார்க்க. மருத்துவர்கள் ஆர்க்னியைக் கவனிப்பதற்குக் காரணம் வேறு. உலகிலேயே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று. 2012-ல் வெளியான ஆய்வின்படி, இங்கே ஒரு லட்சம் பேரில் 402 பேருக்கு இந்த நோய். அதாவது, கிட்டத்தட்ட 250 பேருக்கு ஒருவர். பெண்களில் இது இன்னும் அதிகம். மரபணுவும், வெயில் குறைவதால் ஏற்படும் வைட்டமின் டி பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

நடப்பதற்கு ஏன் இவ்வளவு செலவு?

மின்சார ஒயருக்கு பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளுக்கு மையலின் என்ற உறை உண்டு. எம்.எஸ். வந்தவர்களின் உடலில், நோய் எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்கிவிடுகிறது. மூளை அனுப்பும் கட்டளை காலுக்குத் தாமதமாகப் போகிறது. சில நேரம் போய்ச் சேர்வதே இல்லை.

விளைவு என்ன? பாதத்தின் முன்பகுதி தொய்ந்து தரையில் உரசும். தடுக்கி விழாமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கிக் காலை வீசிப் போட வேண்டும். தசைகள் விறைத்துக்கொள்வதால், காலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். நிலை தடுமாறாமல் இருக்கவும் தனியாகச் சக்தி வேண்டும்.

முகத்தில் மாஸ்க் மாட்டி, நடக்கும்போது செலவாகும் ஆக்ஸிஜனை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடக்க எம்.எஸ். உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. பாதிப்பு கூடக்கூட இந்தச் செலவும் கூடுகிறது. மெதுவாக நடந்தால் மிச்சமாகும் என்றும் சொல்ல முடியாது. ஒரே தூரத்தைக் கடக்க அதிக நேரம் பிடிக்கிறதே! அத்தனை நேரமும் உடம்பைத் தாங்கி நிற்கவும் சக்தி வேண்டுமல்லவா?

பக்கத்தில் நடப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார், பத்து நிமிடத்தில் ஏன் உட்கார இடம் தேடுகிறார் என்றுதான் தோன்றும். 'சோம்பேறித்தனம்' என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. தள்ளாடி நடப்பவரைக் குடித்திருக்கிறார் என்று நினைப்பவர்களும் உண்டு.

கல்வட்டமும் ஒரு கணக்கும்

ஆர்க்னியின் புகழ்பெற்ற கல்வட்டம் ரிங் ஆஃப் பிராட்கர். இரண்டு ஏரிகளுக்கு நடுவே, மரமே இல்லாத வெட்டவெளியில் நிற்கிறது. ஒரு காலத்தில் 60 கற்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இன்று மிச்சம் இருப்பவை 36. வட்டத்தின் விட்டம் 104 மீட்டர். ஒரு முறை சுற்றிவந்தால் சுமார் 325 மீட்டர்.

எம்.எஸ். பாதிப்பை அளக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கே 1983-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 0 முதல் 10 வரை போகும் இந்த அளவுகோலின் நடுப்பகுதி நடக்கும் தூரத்தை வைத்தே அமைந்தது. 4-வது படியில் இருப்பவர் துணையின்றி, ஓய்வின்றிச் சுமார் 500 மீட்டர் நடப்பார். 6-வது படியில் இருப்பவர் கைத்தடி போன்ற ஒரு துணையோடு சுமார் 100 மீட்டர் நடப்பார்.

இப்போது கல்வட்டத்தைப் பாருங்கள். 4-வது படியில் இருப்பவர் அதை ஒரு முறை சுற்றிவிடலாம். 6-வது படியில் இருப்பவருக்கு இந்தப் பக்கக் கல்லிலிருந்து எதிர்ப்பக்கக் கல்லுக்குப் போவதே முழுத் தெம்பையும் வாங்கிவிடும். இதில், வண்டியை நிறுத்திவிட்டு நடந்துவந்த தூரமும், திரும்பிப் போக வேண்டிய தூரமும் சேரவில்லை.

அந்த 500, 100 எல்லாம் சமதளக் கணக்கு. இங்கே மழை பெய்தால் புல்தரை சொதசொதவென்று ஆகிவிடும். காற்றோ கேட்கவே வேண்டாம். ஸ்காரா ப்ரே ஊரே 1850-ல் அடித்த புயல் மணலை வாரிக்கொண்டு போனதால்தான் வெளியே தெரிந்தது. எதிர்க்காற்றில் நடப்பது மேட்டில் ஏறுவது மாதிரி.

ஆனால், இதே ஊரின் குளிர்ச்சி ஒரு வரமும்கூட. உடல் சூடு சற்று ஏறினாலே எம்.எஸ். உள்ள பலருக்குப் பார்வை மங்கும், கால் தளரும். 1890-ல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்டாஃப் இதைப் பதிவுசெய்தார். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். ஜூலை பகலிலும் ஆர்க்னி நம்மூர் மார்கழிக் காலையைவிடக் குளிராக இருக்கும்.

தெம்பை எப்படிச் சேமிப்பது?

எம்.எஸ். உள்ளவர்கள் உடற்பயிற்சியே செய்யக் கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று மருத்துவர்களே அளவான பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். தொய்ந்த பாதத்தைத் தாங்கும் பட்டை உண்டு. முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்பை மெல்லிய மின்தூண்டலால் இயக்கிப் பாதத்தைத் தூக்கவைக்கும் கருவியும் உண்டு. சக்கர நாற்காலியைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. வாசல்வரை அதில் போனால், உள்ளே நடந்து பார்க்கத் தெம்பு மிஞ்சும்.

இப்படி ஒருவரோடு எந்த ஊருக்குச் சுற்றுலா போனாலும், "நடக்க முடியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வழியில் உட்கார எங்கே இடம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, நடைபாதை ஈரமா என்று முதலில் நீங்கள் பார்த்துவையுங்கள். பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். கல்வட்டத்தில் 36 கற்களையும் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ன? பக்கத்தில் இருக்கும் முதல் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலும் ஆர்க்னி வந்த பலன் கிடைத்துவிடும்.