தறி நிற்கட்டும்

நகோயா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். செங்கல் சுவரோடு ஒரு பழைய நெசவாலை. 1911இல் சகிச்சி டொயோடா தன் தறி ஆராய்ச்சிக்காக அமைத்த இடம். டொயோட்டா குழும நிறுவனங்கள் சேர்ந்து 1994இல் அதைத் தொழில்நுட்ப அருங்காட்சியகமாகத் திறந்தன. கார்களைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து நுழைகிறவர்களை முதலில் எதிர்கொள்வது பஞ்சும் நூலும் தறியும்தான். கார் அப்புறம்தான் வருகிறது.

எங்கள் குழுவில் எல்லோரும் கோவை, திருப்பூர், பல்லடம் பக்கம். நூற்பாலை, நெசவாலை நடத்துகிறவர்கள், என்னைப் போல உற்பத்திப் பொறுப்பில் இருப்பவர்கள், பம்ப் தயாரிப்பவர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர். தொழிலும் பண்பாடும் சேர்ந்த கல்விப் பயணம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் சோமனூரிலிருந்து ஒரு பிட்டரும் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முதல் தடவையாக விமானம் ஏறுகிறார். அவருடைய முதலாளி, "நான் போய் என்னத்தைப் பார்க்கப் போறேன்? தறிக்குள்ள கை விடறவன் நீதான், நீ போய்ட்டு வா" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்திருந்தார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்த முதலாளியின் ஒரு வாக்கியத்திலேயே அடங்கிவிடுகிறது.

அருங்காட்சியகத்தில் 1924ஆம் ஆண்டின் 'ஜி' வகைத் தானியங்கித் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். சீருடை அணிந்த ஒரு பெண் விசையைத் தட்டியதும் நம்மூர் விசைத்தறிக் கூடத்தின் அதே சத்தம் எழுந்தது. ஊடை நூல் தீரும் தறுவாயில் பழைய நாடா வெளியேறிப் புதிய நாடா தானாக உள்ளே வந்தது. தறியின் ஓட்டம் குறையவே இல்லை. எங்களில் பலர் கைதட்டினார்கள். அடுத்ததாக அந்தப் பெண் ஒரு கத்தரியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பாவிலிருந்து ஒரே ஒரு இழையை நறுக்கினார். தறி உடனே நின்றது. பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகடு தொங்குகிறது. நூல் விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலேயே இருக்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்த தகடு தறியை நிறுத்திவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். இதற்கு யாரும் கைதட்டவில்லை. நூல் அறுந்தால் தறி நிற்கத்தானே வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

பிட்டர் அண்ணன் மட்டும் குனிந்து அந்தத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க தம்பி, இது நம்ம டிராப் பின்னுதானுங்களே" என்றார்.

"ஆமாங்கண்ணா. நூறு வருஷம் ஆச்சு."

"நம்ம ஷெட்டுல அதுக்குக் கரண்ட் போற ஒயரைக் கழட்டி விட்டுட்டுத்தானுங்க ஓட்டறோம். அடிக்கடி தறி நின்னா மீட்டர் குறையுதுன்னு சத்தம் போடுவாங்கல்லங்க. துணியில கோடு விழுந்தா அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்றதுங்க."

அதற்குப் பிறகு அன்று நான் பார்த்த எதுவும் மனதில் முழுசாக ஒட்டவில்லை. சகிச்சி டொயோடா 1867இல் பிறந்தவர்; அவருடைய அம்மா கைத்தறியில் நெய்துகொண்டிருந்தார்; அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் மகன் தறியைத் திருத்தத் தொடங்கினார் என்று அங்கே சொல்கிறார்கள். 1929இல் 'ஜி' தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ். நம்மூர்ப் பழைய மில்களில் அந்தப் பெயர் வார்த்த இயந்திரங்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. உலகத்துக்கே ஜவுளி இயந்திரம் விற்ற கம்பெனி, ஒரு ஜப்பானியத் தறிக்குப் பணம் கட்டியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார்; 1937இல் மோட்டார் கம்பெனி பிறந்தது. இப்போது பல்லடத்தில் ஓடும் ஏர்ஜெட் தறிகளிலும் டொயோட்டா பெயரைப் பார்க்கலாம். இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தகடுதான். அதை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், ஒயரையும் கழட்டி வைத்திருக்கிறோம்.

மறுநாள் டொயோட்டா நகரம். கொரோமோ என்றிருந்த ஊர், 1959இல் கம்பெனியின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. தொழிற்சாலையில் பார்வையாளர்களுக்கென்று தளத்துக்கு மேலே நடைபாதை போட்டிருக்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது. கீழே வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடுகிறது. எங்கேயோ ஒருவர் அதை இழுத்தார். தலைக்கு மேல் இருந்த பலகையில் ஒரு எண் ஒளிர்ந்தது, ஒரு சின்ன மெட்டு ஒலித்தது. குழுத் தலைவர் வந்துவிட்டார். இருவரும் கதவின் ஓரத்தில் எதையோ சரிபார்த்தார்கள், விளக்கு அணைந்தது. வண்டி தன் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்துவிட்டால் வரிசை நிற்காது. தீராவிட்டால் நின்றுவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு மூலையிலும் மெட்டு ஒலித்தது. யாருடைய முகத்திலும் பதற்றம் இல்லை.

கேள்வி நேரத்தில் நாங்கள் கேட்டவை எல்லாம் நாங்கள் வழக்கமாகக் கேட்பவைதான். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, ரோபோ எத்தனை, சம்பளம் எவ்வளவு, முதலீடு எவ்வளவு. பிட்டர் அண்ணன் கை தூக்கினார். "கயித்த இழுத்தவங்களுக்குத் திட்டு விழுமுங்களா?" மொழிபெயர்ப்பாளர் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அங்கே வழிகாட்டிய அம்மாவுக்குக் கேள்வியே முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும், "கோளாறைப் பார்த்தும் இழுக்காமல் விட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள்" என்றார்.

இந்த முறைக்கு உருக்கொடுத்த தாயிச்சி ஓனோ 1932இல் டொயோடாவின் நூற்பு நெசவு ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். 1943இல் மோட்டார் கம்பெனிக்கு மாறினார். ஒரு கோளாறுக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொன்னவர் அவர். அறுந்த இழைக்காகத் தறி நின்ற கூடத்திலிருந்து வந்தவருக்கு, குறையோடு நகரும் காருக்காக வரிசை நிற்பது இயல்பாகவே பட்டிருக்க வேண்டும். நெசவுதான் அந்தத் தொழிற்சாலைக்குத் தாய். நெசவுக்காரர்களான நாம் அங்கே போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

பண்பாட்டுப் பகுதி என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தவற்றில் சில வெறும் சம்பிரதாயம். எத்தனை பாகை குனிந்து வணங்குவது, விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் எப்படிக் கொடுப்பது என்று ஒரு காலை முழுக்க வகுப்பு. அது புத்தகத்திலேயே கிடைக்கும். அதைவிட ரயிலின் முதல் பெட்டியில் நின்று ஓட்டுநரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தது எனக்குப் பெரிய பாடம். சிக்னல் வரும்போதெல்லாம் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார். பெட்டியில் தனியாகத்தான் இருக்கிறார், கேட்க ஆளில்லை. ஆனாலும் சொல்கிறார். கண் பார்த்ததைக் கையும் வாயும் உறுதிப்படுத்தும்போது கவனம் நழுவாது என்று அந்நாட்டு ரயில்வேயில் நூறு ஆண்டுக்கும் மேலாக நடந்துவரும் பழக்கம் இது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. சைவக்காரர்கள் அங்கே சூப்பையும் குழம்பையும் கண்ணால் பார்த்து நம்பிவிடக் கூடாது; பலவற்றுக்கு உலர்ந்த மீன்சாறுதான் அடிப்படை. கியோட்டோ கோயில்களில் கிடைக்கும் துறவியர் உணவு சுத்த சைவம், அருமையான சமையல்.

ஒகசாகியில் ஹச்சோ மிசோ செய்யும் இடத்துக்கும் போனோம். சோயாவும் உப்பும் நீரும் சேர்ந்த கலவையை ஆளுயரத்துக்கும் மேலான மரப்பீப்பாய்களில் அடைக்கிறார்கள். ஒரு பீப்பாயில் ஏறக்குறைய 6 டன் மிசோ. அதன்மேல் 3 டன் ஆற்றுக்கற்களைக் கூம்பாக அடுக்குகிறார்கள். சாந்து, கயிறு எதுவும் கிடையாது. நிலநடுக்கம் வந்தாலும் சரியாத அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று கவ்வி உட்கார்ந்திருக்கிறது. கல் அடுக்கத் தனி ஆள், அதைக் கற்கப் பல வருஷம். இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் கடந்த பிறகுதான் பீப்பாயைத் திறப்பார்கள். எங்கள் ஆடிட்டர் அவ்வளவு காலம் முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். 1645இலிருந்து நடக்கும் தொழில் அது.

கியோட்டோவின் நிஷிஜின் பகுதிக்குத்தான் நான் மிகவும் ஆவலோடு போனேன். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டு நெசவின் உச்சம் அதுதான் என்று நம்பியிருக்கிறேன். நிஷிஜினில் 'த்சுசுரே' என்றொரு நெசவு. வண்ண ஊடையை இழுத்து இறுக்கிச் சேர்ப்பதற்கு நெசவாளி தன் விரல் நகத்தையே கருவியாக்குகிறார். ஒரு முதிய அம்மா கையை நீட்டிக் காட்டினார். நகத்தின் விளிம்பை ரம்பப்பல் போல அராவி வைத்திருந்தார். கடினமான உருவம் என்றால் ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும் என்றார்கள். பிட்டர் அண்ணன் அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மாவும் பதிலுக்குக் குனிந்தார். அதற்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை. நிஷிஜினில் இன்று தறியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். காஞ்சிபுரத்திலும் அதே நிலைதானே.

நிஷிஜின் ஒருமுறை அழியும் தறுவாய்க்குப் போய் மீண்ட இடம். 1869இல் தலைநகரம் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குப் போனது. அரண்மனையும் பிரபுக்களும் போன பிறகு பட்டு வாங்க ஆளில்லை. அப்போது கியோட்டோ நிர்வாகம் செய்த காரியம் இது: 1872இல் பிரான்சின் லியோன் நகரத்துக்கு மூன்று பேரைக் கற்றுவர அனுப்பியது. சகுரா த்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிதா சூஷிச்சி. மூவரும் நிஷிஜின் நெசவுத் தொழிலைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வழியாகத்தான் ஜக்கார்டு பெட்டியும் விசை நாடாவும் கியோட்டோவுக்கு வந்தன. முதல் இருவரும் முன்னதாகவே திரும்பிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் கற்பதற்காகத் தங்கிய யோஷிதா, 1874இல் இஸு கடற்கரைக்கு அருகே கப்பல் மூழ்கி இறந்துபோனார். வீடு வந்து சேர இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. கல்விப் பயணம் என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் இலேசாக உச்சரிக்க முடியவில்லை.

அதே காலத்தில் அரசின் தரப்பிலும் ஒரு பெரும் பயணம் நடந்தது. 1871 டிசம்பரில் இவாகுரா தொமோமியின் தலைமையில் அமைச்சர்களும் அதிகாரிகளும் மாணவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் யோகோஹாமாவிலிருந்து கிளம்பினார்கள். அமெரிக்கா, ஐரோப்பா என்று ஆலைகளும் பள்ளிகளும் சுரங்கங்களும் பார்த்து, வழியில் இலங்கையின் காலி துறைமுகத்தையும் தொட்டு, 1873 செப்டம்பரில் திரும்பினார்கள். உடன்போன குமே குனிதாகே பார்த்ததை எல்லாம் எழுதி 1878இல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். பின்னாளில் 1950இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துத் திரும்பினார். அடுத்த ஆண்டே தொழிலாளர்கள் யோசனை எழுதித் தரும் முறை கம்பெனியில் தொடங்கியது. போய்ப் பார்த்தே வளர்ந்த நாடு அது.

அமைச்சர்கள் அமைச்சர்களாகப் போனார்கள், நெசவாளர்கள் நெசவாளர்களாகப் போனார்கள் என்பதுதான் இதில் நான் கண்டது. லியோனுக்குக் கியோட்டோ வெறும் வியாபாரிகளை அனுப்பியிருந்தால் விலைப்பட்டியல் வந்திருக்கும். ஜக்கார்டு பெட்டியைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கை வந்திருக்காது.

ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து சோமனூர் போனேன். அந்த ஷெட்டில் ஒயர்களை எல்லாம் மறுபடி மாட்டியிருந்தார்கள். முதலில் தறிகள் நின்றுகொண்டே இருந்தனவாம், உற்பத்தி இறங்கியது, முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நின்ற ஒவ்வொரு தறியிலும் இழை எங்கே அறுந்தது என்று சுவரில் தொங்கவிட்ட ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் பிட்டர் அண்ணன். அதே பாவு, அதே மாதிரி அறுப்பு என்று திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால் சைசிங்கில் கஞ்சி சரியாக ஏறவில்லை. சைசிங்காரரைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் காட்டினார்கள், சரிசெய்து கொடுத்தார். "ஓடிட்டே இருந்திருந்தா இது கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காதுங்க தம்பி" என்றார் அண்ணன். எங்கள் குழுவிலிருந்து திரும்பிய மற்றவர்களில் பலர் சுவரில் ஜப்பானிய வாசகங்களை ஒட்டியிருக்கிறார்கள். என் ஆலையிலும் ஒட்டியிருக்கிறோம். வேலை நடந்திருப்பது சோமனூரில்தான்.

தொழில் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெயர் எழுதும்போது, மூன்றில் ஒரு இடத்தையாவது பிட்டருக்கும் மேஸ்திரிக்கும் தறி ஓட்டுகிறவருக்கும் ஒதுக்குங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். செலவை முதலாளியும் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம். பாஸ்போர்ட் எடுக்கத்தான் நாளாகும். அதற்கு இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.