தளேகாவில் ஒரு தாய்ப்பலகை

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் தளேகாவ் நிலையத்தில் இறங்கலாம். மராட்டிய சேனாபதிகளான தாபாடே குடும்பத்தாரின் ஊராகையால் இதனைத் தளேகாவ் தாபாடே என்றும் வழங்குகின்றனர். நிலையத்தைச் சுற்றி ஒரு பகுதி. பழைய வீடுகளும் கோயிலும் ஏரியும் கொண்ட ஊர்ப் பகுதி சற்றுத் தள்ளி. சஹ்யாத்திரி மலைத்தொடர் மேற்கே அண்மையில் இருப்பதால், ஆனி முதல் புரட்டாசி வரை மழைக்கும் ஈரக்காற்றுக்கும் குறைவில்லை. அந்த ஈரக்காற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வூருக்கு வருகிறவர் அறிய வேண்டிய முதற்செய்தி கண்ணாடியைப் பற்றியது. சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த நாளில் அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஆளுக்கு ஒரு பைசாவாகத் திரட்டி நாட்டுத் தொழிலை வளர்க்க முற்பட்டார். லோகமான்ய திலகர் ஆதரவு தந்தார். அந்தப் ‘பைசா நிதி’யைக் கொண்டு 1908-ஆம் ஆண்டில் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அங்குப் பயின்றவர்கள் நாட்டின் பல பாகங்களுக்குச் சென்று தொழில் நடத்தினர். சீமைக் கண்ணாடிக்கு எதிரே, யாரும் கேட்டறியாத பெயருடன் கடைக்கு வந்த பண்டம் அது. வாங்கினவர் பெயரை நம்பியிருக்க முடியாது. பண்டத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இன்று தளேகாவ் என்றால் மோட்டார்த் தொழிலே நினைவுக்கு வரும். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 2008-இல் இங்கே தொழிற்சாலை திறந்து 2020-இல் உற்பத்தியை நிறுத்திற்று. அதை வாங்க முன்வந்த சீனத்துக் கிரேட் வால் நிறுவனத்தின் ஒப்பந்தம், அரசின் அனுமதி கிடைக்காமல் 2022-இல் காலாவதியாயிற்று. 2023-இல் ஹூண்டாய் வாங்கியது. இருங்காட்டுக்கோட்டையை அறிந்த நம்மவர்க்கு அந்தப் பெயர் புதிதன்று. வேதாந்தா, ஃபாக்ஸ்கான் நிறுவனங்கள் கூட்டாக அமைக்கவிருந்த சில்லுத் தொழிற்சாலைக்கும் தளேகாவ் பேசப்பட்டது. 2022 செப்டம்பரில் அது குஜராத்துக்கு என்றாகி, அடுத்த ஆண்டு ஃபாக்ஸ்கானும் விலகிக்கொண்டது.

சில்லுத் தொழிற்சாலை வரவில்லை. ஆனால் சீனத்துச் சில்லுகள் சுமந்த பலகைகள் தாராளமாக வருகின்றன. கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைக்கும் மதர்போர்டைத் தமிழில் தாய்ப்பலகை என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். பெயர் பெற்ற பலகையின் விலை ஏறியிருப்பதால், ஷென்சென் நகரத்துச் சிறு தயாரிப்பாளர்களின் பலகைகளை நம் குடும்பங்கள் நாடுகின்றன. ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் தகப்பனார், பிள்ளையின் படிப்புக்காக ஒரே முறை செலவிடும் பணம் அது. பலகை கெட்டால் அந்த ஆண்டில் இன்னொன்று வாங்க வழியில்லை.

எங்கள் குடியிருப்பில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். மகன் டிப்ளமா படிக்கிறான். “அண்ணாச்சி, சைனா மால் என்றால் காரண்டி இல்லை என்கிறார்களே, வாங்கலாமா, கூடாதா?” என்று என்னைக் கேட்டார். மூவருமாகப் புனே நகரில் தப்கீர் கல்லிக்குப் போனோம். சென்னையின் ரிச்சித் தெருவைப் போன்ற மின்சாதனச் சந்து அது. கூட்டத்தை விலக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

முதலில் எக்ஸ்99 என்று பெயர் பொறித்த பலகை ஒன்றைக் காட்டினார்கள். பெரிய சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்ட ஸீயான் பிராசசர்கள் மலிவாகக் கிடைப்பதால், அவற்றுக்கென்றே சீனத்தில் புதுப் பலகைகள் செய்கிறார்கள். சிப்செட் என்னும் துணைச்சில்லைப் பழைய பலகைகளிலிருந்து பெயர்த்தெடுத்துப் பொருத்துவதும் உண்டு. கடைக்காரரை வேண்டி, உறுப்புகளின் பெயரைக் காட்டும் இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னோம். சிப்செட் எக்ஸ்99 அன்று. சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்குரிய பி85. பலகை ஓடும், ஆனால் பெட்டியில் அச்சிட்டது வேறு, உள்ளே இருப்பது வேறு. மேலும், இவ்வகை ஸீயான் பிராசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்காவிட்டால் திரை இருண்டே கிடக்கும். மலிவான தொகுப்பு என்று தபாலில் வரவழைப்பவர் பலர் இதை வீட்டில் பெட்டியைப் பிரித்த பிறகே அறிகிறார்கள்.

அடுத்தது எச்61. மூவாயிரம் ரூபாய்க்குள் புதிதாகவே கிடைத்தாலும், வடிவமைப்பு 2011-ஆம் ஆண்டினது. அதில் பொருந்தும் பிராசசர்கள் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல என்று மைக்ரோசாஃப்ட் விலக்கிவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. லினக்ஸ் போதுமென்பவர் வாங்கலாம். கல்லூரி சொல்லும் மென்பொருள் விண்டோஸையே கேட்டால் வேண்டாம்.

மூன்றாவதாக வந்தது எச்310 பலகை. தயாரிப்பாளர் பெயரை நாங்கள் எவரும் கேள்விப்பட்டதில்லை. பெயரை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தோம். பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் பகுதி சாக்கெட்டின் அருகே இருக்கும். மாஸ்ஃபெட் என்னும் சிறு கறுப்புத் துண்டுகள் மீது வெப்பம் கடத்தும் அலுமினியக் கட்டை உண்மையாகவே பதிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் நோக்க வேண்டும். நடுவே ஒட்டுப்பட்டையே இல்லாமல் அழகுக்கு நிற்கும் கட்டைகளும் உண்டு. கெபாசிட்டர்கள் வழவழப்பான தலையுடைய பாலிமர் வகையா, தலையில் கீறலுள்ள திரவ வகையா என்பதையும் கவனிக்கலாம். திரவ வகை வெப்பத்தில் உலர்ந்துவிடும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர் இருந்தால் கவலையில்லை என்பது சரித்திரம் அறியாதவர் பேச்சு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் பழுதான கெபாசிட்டர்கள் உலகெங்கும் பலகைகளைக் கெடுத்தன. அதன் பொருட்டு டெல் நிறுவனமே 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெரிய நிறுவனம் ஒதுக்கிக் கொடுக்கும், சிறியது காணாமற்போகும் என்ற வேறுபாடு மட்டும் உண்மை.

ஆகையால் தயாரிப்பாளருக்கு வலைத்தளம் உண்டா, அந்தப் பலகைக்கே உரிய பயாஸ் கோப்பு அதில் இருக்கிறதா என்று மகன் தன் போனில் தேடினான். இருந்தது. பிறகு பயாஸில் நுழைந்து, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் வசதியைப் பார்த்தோம். அதுவும் இருந்தது. பலகையின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும், ‘தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி அப்படியே விடப்பட்டிருந்தது. பையன் சிரித்தான். பெயர் பெற்ற பலகைகளிலும் சில வேளை இவ்வாறு இருப்பதுண்டு. எனினும் வேலையில் அவசரம் தெரிகிறது.

எட்டாம் தலைமுறைப் பிராசசர் ஒன்றுடன் அதையே வாங்கினோம். ரசீதில் தேதியையும், ஏழு நாளில் மாற்றித் தருவதாகச் சொன்ன வாக்கையும் கடைக்காரர் கையால் எழுதி வாங்கிக்கொண்டோம். ஒரு வருஷக் காரண்டியைவிட இந்த ஏழு நாளே எனக்குப் பெரிதாகப் பட்டது. தளேகாவின் மழையும், பராமரிப்புக்காக வியாழக்கிழமைகளில் மின்சாரம் நின்று திரும்புவதும், கடைக்குள் தெரிய மாட்டா. வீட்டில் இரவு முழுதும் நினைவகச் சோதனை. மறுநாள் பிராசசரை முழுவேகத்தில் இரண்டு மணி நேரம் உழைக்க வைத்து வெப்பம் பார்த்தல். ஒவ்வொரு துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பார்த்தல். ஈரம் படியாதிருக்கப் பெட்டியைச் சுவரிலிருந்து அரை முழம் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தார்கள். மழைக்காலத்தில் நாள்தோறும் சிறிது நேரமாவது ஓட்டுவது நல்லது; உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தைப் போக்கும்.

நினைவகத்தில் பிழையில்லை. பின்புறத்து யுஎஸ்பி துளைகளில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் தகப்பனாரும் மகனும் பலகையைப் பழைய பெட்டியிலேயே வைத்துக்கொண்டு காலை வண்டியில் புனேக்குப் போய், வேறொன்று மாற்றிக்கொண்டு வந்து, அன்றிரவே சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள்.