தூரம் ஒன்று, நேரம் பல

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம், "எந்த மாதம் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தரும் டிஸ்பாட்சர் வேலை தந்த பழக்கம் அது.

தூரம் மாறுவதில்லை. பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில் அளந்தால் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, பெரிய நிக்கோபாரை நெருங்கி, சுமத்ராவின் வட முனையைத் தாண்டி, மலாக்கா நீரிணையை ஒட்டிப் போகும் கோடு அது. விமானம் குறிக்கப்பட்ட வான்தடங்களில்தான் போக வேண்டும் என்பதால், உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும்.

நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் விரைகிறது. 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். விமானம் காற்றுக்குள் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரைக்கணக்கில் கிடைப்பது 770. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, 890. போக வர அரை மணி நேர வித்தியாசம் இப்படித்தான் வருகிறது. குளிர்காலத்தில் அந்தக் காற்றோட்டம் இருப்பதில்லை, கணக்கும் மாறிவிடும்.

அடுத்தது மேகம். வங்கக் கடலின் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் மிஞ்சி வளரும். சுற்றித்தான் போக வேண்டும். சென்னையில் நள்ளிரவு கிளம்பும் விமானம் விடியலில் சிங்கப்பூரை நெருங்கும். சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்றும் மழையும் அந்நகரைத் தாக்குவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். அதனால் பயணத்துக்கான எரிபொருளோடு, எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு, மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமடிக்க ஒரு பங்கு என்று சேர்க்கிறோம். எரிபொருள் கூடினால் எடை கூடும். அந்த எடையைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். குறைத்தாலோ, தரையிறங்க முடியாத நேரத்தில் விமானிக்குக் காத்திருக்க வழியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழிலின் சாரம். திட்டத்தில் விமானியோடு நானும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறேன்.

பயணச்சீட்டில் நீங்கள் பார்ப்பது வேறு நேரம். நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் போய் நிற்கும்வரை உள்ள முழு நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். ஆகவே பறப்பது மூன்றரை மணி நேரமே ஆனாலும் அட்டவணை நான்குக்கு மேல் காட்டும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், புறப்பாட்டையும் வருகையையும் வெறுமனே கழித்துப் பார்த்தால் தப்பான விடைதான் வரும்.

தூரத்தை வேகத்தால் வகுத்து அடுத்த விமானத்துக்குச் சீட்டெடுக்காதீர்கள். அட்டவணை நேரத்தை நம்புங்கள்; அதற்கு மேலும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வானில் விமானி மேகத்தைச் சுற்றிப் போகும்போது, அந்தத் தாமதம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.