முதற்பொருளும் மரமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மரத்தையும் புள்ளையும் கருப்பொருளாகவும் வகுத்தார் தொல்காப்பியர். இவ்வரிசையின் நுட்பத்தை மாணவர்க்கு விளக்க, நாம் மல்லசமுத்திரத்து மேட்டுக்காடுகளையே சான்றாகக் காட்டுவதுண்டு. கோடையில் காய்ந்து, புரட்டாசி ஐப்பசி மழையை நம்பிக் கிடக்கும் நிலம் இது. ஆகவே வெள்வேலும் வேம்பும் பனையும் இங்கு நிலைத்தன. வேலின் சிற்றிலை நீரிழப்பைக் குறைக்கும். அதன் வேர் அடிமண்ணின் ஈரத்தை நாடும். இதே நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் வரை உயரும் கொல்லிமலையிலோ, அடிவாரத்தில் முட்புதர். மேலே குளிரும் மழையும் வளர்த்த பசுமைமாறாச் சோலை.

மலைச்சரிவில் காணும் இவ்விதியைப் பெரும்பகுதி வெப்பமண்டலமான ஆப்பிரிக்காவில் கண்டம் தழுவிய அளவில் காணலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய காங்கோ வடிநிலத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் மழை, அதனால் அடர்காடு. வடக்கே செல்லச்செல்ல வறண்ட மாதங்கள் நீள்கின்றன. காடு புல்வெளியாகி, முட்புதராகி, இறுதியில் சகாரா மணலாகிறது. அப்புல்வெளிகளில் குடைவிரித்து நிற்கும் வேலமரங்கள் நம் வெள்வேலின் உறவினமே.

நம்மூரிலோ, ஆடுகளுக்குக் காயும் நிழலும் தரும் வெள்வேலை முள்மரமென்று வெட்டிவிட்டு, நீர்வேட்கை மிக்க அழகுக்கன்றுகளை நடுவோர் உளர். விழாக்களில் நட்டவற்றுள் பல அடுத்த சித்திரையைக் காண்பதில்லை.

மறுமை நாளே நெருங்கினும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). மாணவச் செல்வங்களே, நடுங்கள். எக்கன்றை நடுவது என்பதை மட்டும் நம் மண்ணையும் மழையையும் கேட்டு நடுங்கள்.